விளையாட்டுத் துறையில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்: எது பயிற்சி, எது வேலை?

#1 நடுக்களம்

அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட், பிரிட்டனில் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் என்று படிக்கப் போகும் நம் பிள்ளைகள் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த வரியைப் பார்த்துவிடுகிறார்கள்: "சம்பளம் கிடையாது, கல்லூரி கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) உண்டு." இது நியாயமா என்று பொதுவாகப் பேசினால் பேச்சு எங்கும் போகாது. ஒரு கணக்கோடு தொடங்குகிறேன்.

மைனர் லீக் பேஸ்பாலில் (மேஜர் லீக் அணிகளுக்கு வீரர்களைத் தயார் செய்யும் கீழ்நிலைத் தொடர்கள்) நடுமட்டமான ஹை-ஏ அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு 132 ஆட்டம், பாதி சொந்த மைதானத்தில், அதாவது 66. 2021 முதல் பெரும்பாலும் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம் என்ற அட்டவணை. ஆகச் சொந்த மைதான வாரங்கள் ஏறத்தாழ 11. ஆட்டம் மாலை 7 மணிக்கு என்றால் இன்டர்ன் காலை 11க்கு வந்தாக வேண்டும். கூட்டம் கலைந்து, விளம்பரப் பலகைகளை எடுத்து வைத்து, கடைக் கணக்கை முடிக்க இரவு 11. நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72.

கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. அந்த அடிமட்டக் கூலியில் போட்டாலும் முதல் 40 மணிக்கு 290 டாலர், மீதி 32 மணிக்கு ஒன்றரை மடங்கில் 348. வாரம் 638, பதினொரு வாரத்துக்கு 7,018 டாலர். அணி வெளியூர் போகும் வாரங்களில் நடக்கும் அலுவலக வேலையைச் சேர்க்காமலே இவ்வளவு. இதற்கு மேல், மூன்று கிரெடிட்டுக்கான கட்டணத்தை மாணவரே பல்கலைக்குச் செலுத்துகிறார். காசு கட்டி வேலை பார்க்கும் நிலை இது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது, நடைமுறையில் எங்கே கோடு போடலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 சட்டப்புள்ளி

முதலில் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். லாப நோக்கமுள்ள நிறுவனத்தில் இன்டர்ன் "ஊழியரா" என்பதுதான் கேள்வி. ஊழியர் என்றால் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் கட்டாயம். இதன் வேர் 1947இல் உச்ச நீதிமன்றம் ரயில்வேயில் பயிற்சி பெற வந்தவர்கள் பற்றிக் கொடுத்த போர்ட்லாண்ட் டெர்மினல் தீர்ப்பு. 2010இல் தொழிலாளர் துறை ஆறு நிபந்தனை வைத்து, ஆறும் பூர்த்தியானால்தான் சம்பளமில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2015இல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு சினிமா நிறுவன வழக்கில் அதை ஏற்கவில்லை. அதிகப் பலன் யாருக்கு என்று பார்க்கச் சொன்னது. 2018 ஜனவரியில் துறையும் அதற்கே மாறிவிட்டது.

இப்போது பார்ப்பவை ஏழு. சம்பளம் இல்லை என்று இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரியுமா. பயிற்சி கல்விக்கூடத்தில் கிடைப்பது போன்றதா. பாடத்திட்டத்தோடோ கிரெடிட்டோடோ இணைந்ததா. கல்லூரி நாட்காட்டிக்கு இடம் கொடுக்கிறதா. கற்றல் நடக்கும் காலத்தோடு முடிகிறதா. சம்பள ஊழியரின் வேலைக்குத் துணையாக இருக்கிறதா அல்லது அந்த இடத்தையே நிரப்புகிறதா. முடிவில் வேலை உறுதி என்ற பேச்சு இல்லையா. எந்த ஒன்றும் தனியாகத் தீர்மானிக்காது, மொத்தமாக எடை போடுவார்கள். "கிரெடிட் கொடுத்துவிட்டோம், அதனால் சட்டப்படி சரி" என்று மனிதவளத் துறை சொன்னால் அது ஏழில் ஒன்றைப் பற்றிய பதில் மட்டுமே.

விளையாட்டுத் துறைக்கு மட்டும் கூடுதலாக ஒரு சந்து இருக்கிறது. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத கேளிக்கை நிறுவனங்களுக்குக் கூட்டாட்சிக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அல்லது, வருமானம் குறைந்த ஆறு மாதங்களின் சராசரி மற்ற ஆறு மாதச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டாலும் விலக்கு உண்டு. 2013இல் நியூயார்க்கில் மேஜர் லீக் நடத்திய ஆல்-ஸ்டார் ஃபேன்ஃபெஸ்ட் என்ற ரசிகர் விழாவில் வேலை செய்த தன்னார்வலர்களுக்குச் சட்டை, தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு பந்து கொடுத்தார்கள். கூலி கேட்டுப் போட்ட வழக்கு 2015இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. சில நாள் மட்டும் நடக்கும் விழா தனி நிறுவனமாகக் கருதப்பட்டு, இந்த விலக்குக்குள் விழுந்துவிட்டது. அவர்கள் செய்தது வேலையா இல்லையா என்று ஆராயவே அவசியம் வரவில்லை.

ஆனால் 1995இல் ஆறாம் வட்டார நீதிமன்றம் சின்சினாட்டி ரெட்ஸ் பராமரிப்பு ஊழியர்கள் வழக்கில், ஆட்டம் இல்லாத மாதங்களிலும் அணி ஆள் வைத்து இயங்குகிறது, ஆகவே ஏழு மாதக் கணக்கு பொருந்தாது என்றது. அதே ஆண்டு ஃப்ளோரிடாவில் ஒரு மைனர் லீக் அணியின் மைதானப் பணியாளர் வழக்கில் பதினோராம் வட்டாரம் விலக்கை ஏற்றது. விலக்கு பொருந்துமா என்பது எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள், டிக்கெட் விற்பனை எந்த மாதங்களில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. மாநிலக் கூலிச் சட்டத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

#3 மூன்றாம் அம்பயர்

எதிர்ப் பக்கத்தையும் ஒருத்தர் சொல்லணும்ல. ஹை-ஏ கிளப்ல விளையாட்டு வீரர், கோச் சம்பளம் மேல இருக்கிற மேஜர் லீக் அணி கொடுத்துடும். ஆனா உள்ளூர் முதலாளிக்கு வருமானம்னா டிக்கெட், ஸ்பான்சர், பீர், ஹாட் டாக், பார்க்கிங், அவ்வளவுதான். ஏப்ரல்ல குளிர், மழை; வாரநாள்ல கேலரி பாதிகூட நிறையாது. முழுநேர ஆளுங்க கொஞ்சப் பேர்தான். அவங்க ஒரு இன்டர்னுக்குச் சரியா கத்துக் கொடுக்க நேரம் ஒதுக்கினா அதுவும் செலவுதான்.

இன்னொண்ணு, இந்தத் துறையில ஆள் எடுக்குறவங்க ரெஸ்யூமேல பார்க்கிற முதல் விஷயம் "ஒரு முழு சீசன் தாக்குப்பிடிச்சிருக்காரா"ன்னுதான். அந்த அனுபவம் வகுப்புல கிடைக்காது. சம்பளம் கட்டாயம்னு வச்சா பத்து இன்டர்ன் இருந்த இடத்துல மூணு பேர்தான் இருப்பாங்க. மீதி ஏழு பேருக்குக் கதவே திறக்காது.

#4 நடுக்களம்

அம்பயர் அண்ணே, கடைசியில் சொன்னதில் பாதி உண்மை. இடங்கள் குறையும், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அந்தப் பத்து இடத்துக்குள் யார் வர முடிகிறது? மூன்று, நான்கு மாத வாடகையையும் கார் செலவையும் வீட்டிலிருந்து வரவழைக்க முடிந்தவர் மட்டும். கதவு ஏற்கெனவே பலருக்கு மூடித்தான் இருக்கிறது.

சின்னக் குடும்ப முதலாளி என்ற சித்திரமும் பழையதாகிக்கொண்டு வருகிறது. 2021இல் மேஜர் லீக் பேஸ்பால் முழு அமைப்பையும் கையில் எடுத்து, 160 அணிகளை 120 ஆகக் குறைத்தது. அதற்குப் பிறகு டயமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே நிறுவனம் 40க்கும் மேற்பட்ட அணிகளை வாங்கிவிட்டது. "பணம் இல்லை" என்ற இதே பதிலைத்தான் வீரர்களும் வருடக்கணக்காகக் கேட்டார்கள். அவர்கள் சங்கம் அமைத்து 2023இல் முதல் ஒப்பந்தம் போட்டதும் மைனர் லீக்கின் உச்ச மட்டமான ட்ரிபிள்-ஏ வீரரின் ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. இன்டர்னுக்குச் சங்கம் இல்லை. ஒரு சீசனில் வந்து போகிறவர்களைச் சேர்த்துக் கட்டுவதும் கடினம்.

என் அளவுகோல் ஒன்றுதான்: அந்த நபர் அன்றைக்கு வரவில்லை என்றால் ஆட்டம் நடப்பதில் சிக்கல் வருமா? மழை வந்தால் இன்ஃபீல்டை (மைதானத்தின் உள்வட்டப் பகுதியை) மூடும் தார்ப்பாயைப் பாருங்கள். முழு அளவு தார்ப்பாய் வழக்கமாக 170க்கு 170 அடி. உருளையிலிருந்து இழுத்து விரிக்க 15, 20 பேர் வேண்டும். மைதானப் பராமரிப்பில் சம்பள ஆள் இரண்டு, மூன்று பேர்தான் என்றால் மீதிக் கைகள் யாருடையவை? டிக்கெட் பிரிவு, சமூக ஊடகம், கடை என்று எங்கே "பயிற்சிக்கு" வந்திருந்தாலும் எல்லா இன்டர்னும் ஓட வேண்டும். காற்று அடித்தால் பாய் எழும்பி ஆளைத் தூக்கிப் போடும், ஓரத்தில் நிற்பவர் அடியில் சிக்கிக்கொள்வார். அதில் கை ஒடிந்தால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு சம்பளமில்லாத இன்டர்னுக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி என் கணக்கில் இதுதான், சம்பளம்கூட இரண்டாவது.

#5 சட்டப்புள்ளி

அதே வரிசையில் ஒன்று. பாலியல் தொல்லை, பாகுபாடு ஆகியவற்றுக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் ஊழியர்களைத்தான் பாதுகாக்கிறது. சம்பளமில்லாத இன்டர்ன் "ஊழியர் இல்லை" என்று வழக்குகள் தள்ளுபடி ஆகியிருக்கின்றன. 2013இல் ஆரிகன், 2014இல் நியூயார்க், கலிஃபோர்னியா, இலினாய் ஆகிய மாநிலங்கள் சட்டம் திருத்தி இன்டர்னையும் சேர்த்தன. எல்லா மாநிலமும் செய்யவில்லை. இரவு 11 மணிவரை வேலை, வெளியூர்ப் பயணம், லாக்கர் அறை என்று போகும் துறையில் இது சாதாரண விஷயம் அல்ல.

#6 பனிமூட்டம்

பிரிட்டன் பக்கம் நான் எழுதுகிறேன். இங்கே பிரச்சினை குவிந்திருப்பது கால்பந்து கிளப்புகளின் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ், ஆட்டப் பகுப்பாய்வுப் பிரிவுகளில். 2012இல் வந்த இபிபிபி என்ற இளம் வீரர் வளர்ப்புத் திட்டம் கிளப்புகளின் அகாடமிகளை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் இத்தனை பணியாளர், இன்னின்ன சேவை என்று விதித்தது. வேலை பெருகியது. கூடவே ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் பட்டதாரிகளும் பெருகினார்கள். இடைவெளியை "ஒரு சீசன் இன்டர்ன்" நிரப்பினார்.

அவர் நாள் எப்படிப் போகும்? காலையில் வீரர்களின் தூக்கம், தசைவலி பற்றிய கேள்வித்தாளை வாங்கிப் பதிவது. சிறுநீர் மாதிரியில் நீர்ச்சத்துப் பார்ப்பது. ஜிபிஎஸ் கருவிகளை எண் பார்த்து அந்தந்த வீரரின் உள்சட்டையில் பொருத்துவது. எண் மாறினால் அன்றைய தரவு முழுவதும் வீண். கூம்பு வைப்பது, பானம் கலப்பது. பயிற்சி முடிந்ததும் தரவை இறக்கி, மொத்தத் தூரம், அதிவேக ஓட்டம், ஸ்ப்ரின்ட் எண்ணிக்கை எல்லாம் போட்டு மதிய உணவுக்குள் கோச் மேசையில் அறிக்கை. பகுப்பாய்வு இன்டர்ன் என்றால் ஆட்டத்தைக் குறியிட்டு, கிளிப் வெட்டி, இரவோடு இரவாக அனுப்ப வேண்டும். முதல் மூன்று வாரம் இதில் பயிற்சி. நாலாவது வாரத்திலிருந்து ஜூலை தொடங்கி மே வரை அது வேலை.

சட்டம் இங்கே அமெரிக்காவைவிடத் தெளிவு. 1998 குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி ஒருவர் தானே வந்து வேலை செய்யும் ஒப்பந்தத்தில், அது வாய்மொழியாக இருந்தாலும், "தொழிலாளி" என்றால் ஊதியம் கட்டாயம். "இன்டர்ன்", "வாலண்டியர்" என்று பெயர் வைப்பதால் மாறாது; "சம்பளம் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. விலக்கு மூன்று வழியில் வரும். பிரிட்டன் கல்லூரிப் படிப்பின் பகுதியாக ஓராண்டுக்கு மிகாத பணிப் பயிற்சி. வேலை எதுவும் செய்யாமல் கூட இருந்து பார்ப்பது. அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் தன்னார்வத் தொழிலாளர்.

மூன்றாவதைக் கவனியுங்கள். தொழில்முறை கிளப் ஒரு கம்பெனி. ஆனால் பல கிளப்புகளுக்குப் பதிவு பெற்ற சமூக அறக்கட்டளை தனியாக உண்டு. கடிதம் அறக்கட்டளைப் பெயரில் வந்து, வேலை மட்டும் கிளப்பின் அகாடமியில் நடந்தால், அந்த விலக்கு உண்மையில் பொருந்துமா என்று கேட்க வேண்டும். முதலாவதிலும் ஒரு நுணுக்கம்: எம்எஸ்சி முடித்துவிட்டவருக்கு மாணவர் விலக்கு கிடையாது. விளம்பரத்தில் "எம்எஸ்சி முடித்தவர், 10 மாதம், பயணச் செலவு மட்டும்" என்று இருந்தால் அது சட்டத்துக்குப் புறம்பானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

21 வயதுக்கு மேல் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு, 2026 ஏப்ரலில் 12.71. வாரம் 45 மணி, 42 வாரம், பழைய விகிதத்திலேயே போட்டால் 23,000 பவுண்டுக்குச் சற்று மேல். ஒரு மூத்த வீரரின் வாரச் சம்பளம் அதைத் தாண்டும் கிளப்பில் இந்தப் பணம் இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

#7 புதுமுகம்

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள், சம்பளமே இல்லையே, அதற்கு அனுமதி எதற்கு என்று சேர்ந்துவிடலாமா? பிரிட்டனிலும் இதே கேள்வி.

#8 சட்டப்புள்ளி

சேரவே கூடாது. சம்பளம் இல்லாததால் மட்டும் அது "வேலை" இல்லை என்று ஆகிவிடாது. சாதாரணமாகக் காசு கொடுத்துச் செய்விக்கும் வேலையைச் சும்மா செய்தால் அனுமதியில்லா வேலை என்று விசாவே போகலாம். படிப்பின் பகுதி என்றால் சிபிடி (படிக்கும்போதே செய்யும் பயிற்சிக்கான அனுமதி): பல்கலையின் சர்வதேச மாணவர் அலுவலகம் முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்து, ஐ-20 என்ற மாணவர் ஆவணத்தில் நிறுவனப் பெயரும் தேதிகளும் ஏறிய பிறகே முதல் நாள். மொத்தம் 12 மாதம் முழுநேர சிபிடி செய்தால் அந்தப் படிப்பு மட்டத்தில் ஓபிடி (படிப்போடு தொடர்புள்ள தற்காலிக வேலைக்கான அனுமதி) கிடையாது. ஓசி வேலைக்காக அதை இழக்க வேண்டாம்.

ஓபிடி காலத்தில் வேலையில்லா நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. வாரம் 20 மணியாவது உள்ள, படிப்போடு தொடர்புள்ள சம்பளமில்லாப் பணியும் வேலைக் கணக்கில் சேரும். தொழிலாளர் சட்டத்தை மீறாததாக இருக்க வேண்டும். இந்த 90 நாள் பயத்தில்தான் பலர் எதற்கும் தலையாட்டுகிறார்கள். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் ஓபிடி நீட்டிப்பில் சம்பளமில்லாப் பணி ஏற்கப்படாது.

#9 பனிமூட்டம்

பிரிட்டன் மாணவர் விசாவில் பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்பு நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி வரம்பு. சம்பளமில்லா வேலையும் அந்த 20க்குள் எண்ணப்படும். இன்னொரு முக்கியமான தடை: மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ கோச்சாகவோ இருக்கக் கூடாது, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். அகாடமியில் "ஃபிட்னெஸ் கோச் இன்டர்ன்" என்று பதவிப் பெயர் இருந்தாலே பல்கலையின் விசா ஆலோசகரிடம் பணி விவரத்தைக் காட்டிவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.

#10 டக்அவுட்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டையும் சேர்க்க வேண்டும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் முதல் டிவிஷனில் பேஸ்பால் உட்படப் பல விளையாட்டுகளில் "வாலண்டியர் கோச்" என்றே ஒரு பதவி இருந்தது. சம்பளப் பயிற்சியாளர் இத்தனை பேர்தான் என்று வரம்பு போட்டு, அதற்கு மேல் ஒருவரை வைத்தால் அவருக்குச் சம்பளமே கொடுக்கக் கூடாது என்று விதி. கல்லூரி கொடுக்க விரும்பினாலும் முடியாது. அவர் முழுநேரம் பயிற்சி கொடுத்துவிட்டு, கோடை முகாம்களில் கிடைப்பதை வைத்து வாழ வேண்டும்.

2023 ஜூலை 1 முதல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். வழக்குகள் வந்தது குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் அல்ல, போட்டிச் சட்டத்தில்: கல்லூரிகள் எல்லாம் கூடி ஒரு வேலையின் விலையைப் பூஜ்யமாக நிர்ணயித்தார்கள் என்று. பேஸ்பால் கோச்சுகள் வழக்கு 49.25 மில்லியன் டாலருக்கும், மற்ற விளையாட்டுகளின் வழக்கு 303 மில்லியனுக்கும் சமரசமானது. விதி போனதும் பல கல்லூரிகள் அதே ஆளுக்கே சம்பளம் போட்டன. பணம் இல்லை என்ற வாதம் அங்கே எவ்வளவு நின்றது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#11 மூன்றாம் அம்பயர்

வாலண்டியர் கோச் விஷயத்துல நானும் உங்க பக்கம்தான். அது வெறும் சுரண்டல். ஆனா எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க. மாசசூசெட்ஸ் கடற்கரையில கோடையில நடக்குற கேப் காட் பேஸ்பால் லீக்கைப் பாருங்க. பத்து அணி, எல்லாம் லாப நோக்கமில்லாதது, ஊர்க்காரங்க தன்னார்வத்துல நடத்துறது. வீரர்களே கல்லூரிப் பசங்க, ஊர்க்காரங்க வீட்டுல தங்குறாங்க. நுழைவுக் கட்டணம்கூடப் பல மைதானத்துல நன்கொடைதான். ஜூன் நடுவுல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடிஞ்சிடும். அங்க வர்ணனை இன்டர்ன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மைக் முன்னாடி உட்காருறார். முடிக்கும்போது கையில வேலை தேட ஒலிப்பதிவு இருக்கு. அதுல யாரும் லாபம் பார்க்கல.

#12 நடுக்களம்

ஒப்புக்கொள்கிறேன். அங்கே லாபத்தை யாரும் எடுத்துப் போகவில்லை, காலம் சின்னது, கற்றது கையோடு வருகிறது. அதிலும் தங்குமிடம் கொடுக்கும் அணியையும் கொடுக்காத அணியையும் ஒன்றாகப் பார்க்க மாட்டேன், கோடையில் அந்தக் கடற்கரை ஊர்களில் வாடகை அப்படி. நான் எதிர்ப்பது, லாப நோக்கமுள்ள அணியில் நாள் முழுக்கத் தொலைபேசியில் டிக்கெட் விற்கச் சொல்லிவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைப்பதை. சீசன் டிக்கெட் விற்றால் பக்கத்து மேசைக்காரருக்கு மணிக்கூலியும் கமிஷனும் உண்டு. அதே அழைப்பைச் செய்யும் இன்டர்னுக்கு ஏன் இல்லை?

#13 பனிமூட்டம்

கடிதம் கையில் வந்தவர்களுக்கு நடைமுறை. ஒப்புக்கொள்ளும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். சென்ற சீசனில் இந்த வேலையைச் செய்தவர் யார், அவருக்குச் சம்பளம் இருந்ததா? மேற்பார்வையாளர் பெயர் என்ன, அவருக்குக் கீழ் எத்தனை இன்டர்ன்? ஆட்ட நாளில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகலாம்? தேர்வு நாளில் விடுப்பு உண்டா? அடிபட்டால் யார் காப்பீடு? முதல் கேள்விக்கு "போன வருடமும் இன்டர்ன்தான், அதற்கு முன்பும்" என்று பதில் வந்தால், அது நிரந்தரப் பணியிடம். ஆள் மட்டும் மாறுகிறார்.

சேர்ந்த பிறகு தினமும் நாலு விவரம் எழுதுங்கள்: வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, சொன்னவர். ஷிப்ட் அட்டவணை, "நாளை கட்டாயம் வா" என்ற செய்தி, இவற்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும். வீரர்களின் ஜிபிஎஸ், மருத்துவத் தரவுகளை மட்டும் ஆதாரம் என்று சொந்தக் கணினிக்கு அனுப்பாதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்களே மாட்டுவீர்கள். பயணப்படி மொத்தமாக மாதம் இவ்வளவு என்று உண்மைச் செலவைவிடக் கூடுதலாக வந்தால் அதையும் குறித்து வையுங்கள். அது ஊதியம் என்று காட்ட உதவும்.

பல்கலை மேற்பார்வையாளரிடம் இடைக்கால மதிப்பீட்டின்போதே மணிக் கணக்கைக் காட்டுங்கள். கற்றல் குறிக்கோளில் எழுதிய வேலைக்கும் உண்மையில் செய்யும் வேலைக்கும் வித்தியாசம் இருந்தால் கிளப்போடு பேச வேண்டியது அவர்கள் பொறுப்பு. அந்த கிளப்புக்கு மாணவர்களை அனுப்புவதை நிறுத்த அவர்களால் முடியும். கிளப்புகள் அதற்குப் பயப்படும்.

#14 புதுமுகம்

இந்தியாவில்? சென்னையில் அணிகள், அகாடமிகள் "இன்டர்ன்" எடுக்கிறார்களே.

#15 சட்டப்புள்ளி

1961 தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பதிவு செய்த அப்ரண்டிஸ் என்றால் உதவித்தொகை கட்டாயம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும் என்பதும் விதி. பதிவில்லாமல் "இன்டர்ன்" என்ற பெயரில் எடுத்தால் அந்தப் பாதுகாப்பு வராது. ஆகவே கேட்க வேண்டியது, "என்னை என்ஏடிஎஸ் (மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டம்) தளத்தில் பதிவு செய்வீர்களா?" பட்டதாரி அப்ரண்டிஸின் உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கும் என்பதை அகாடமிக்காரரிடமே எடுத்துச் சொல்லலாம். பலருக்கு அது தெரியாததால்தான் ஓசி இன்டர்ன் என்று போகிறார்கள்.

#16 புதுமுகம்

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே ஒரு சீசன் முடித்துவிட்டவர் கேட்கக் காலவரம்பு உண்டா?

#17 சட்டப்புள்ளி

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இரண்டு ஆண்டு, தெரிந்தே மீறியது என்று காட்டினால் மூன்று. வென்றால் நிலுவைக்குச் சமமான தொகை கூடுதலாகவும் கிடைக்கலாம். மாநில வரம்பு இதைவிட நீளமாக இருக்கலாம். தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

பிரிட்டனில் தீர்ப்பாயம் போக, கடைசி ஊதியம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பது இதுவரை இருந்த வரம்பு. அதை ஆறு மாதமாக்கச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. உங்கள் தேதிக்கு எது பொருந்தும் என்று ஆகாஸ் என்ற பணியிடத் தகராறு சமரச அமைப்பின் உதவி எண்ணில் கேளுங்கள், தீர்ப்பாயத்துக்கு முன் சமரச முயற்சியும் அவர்கள் வழியாகவே நடக்க வேண்டும். அந்த வரம்பு தாண்டிவிட்டால் குறைந்தபட்ச ஊதியத்தை அமல்படுத்தும் அரசு அமைப்பில் (இதுவரை வரித்துறையான எச்எம்ஆர்சி) புகார் கொடுக்கலாம். அவர்கள் ஆறு ஆண்டு வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். நிலுவையைத் தர வைப்பதோடு, முதலாளிக்கு நிலுவையின் இரண்டு மடங்கு வரை அபராதமும் உண்டு. புகார் தந்தவர் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.